பவர் பிரஸ்ஸில் விரல் போகாமல் இருக்க: கேட்டவையும் என் பதில்களும்

31 வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்தவன், கடைசி 12 வருடம் பாதுகாப்புப் பொறுப்பு. டை என்ற அச்சில் தகட்டை வைத்து, ராம் என்ற மேல்பாகம் இறங்கி அடித்து வெட்டுகிற, வளைக்கிற இயந்திரம்தான் பவர் பிரஸ். கை காயம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்பத்தூரில் சின்ன யூனிட் சார். பழைய 50 டன் சி-ஃபிரேம் பிரஸ். லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் நிறுத்தச் சொல்லும் ஒளிக்கதிர்த் திரை) போடச் சொல்கிறார்கள். அது போதுமா?

விலை கேட்பதற்கு முன் கிளட்சைப் பாருங்கள், அதாவது ஃப்ளைவீல் என்ற கனமான சுற்றும் சக்கரத்தை, ராமை இறக்கி ஏற்றும் கிராங்க் தண்டோடு இணைத்துப் பிரிக்கும் பாகத்தை. பழைய மெக்கானிக்கல் பிரஸ் என்றால் பெரும்பாலும் பின் கிளட்ச் அல்லது கீ கிளட்ச்தான் இருக்கும். அது ஒரு தடவை பிடித்துவிட்டால் கிராங்க் முழுச் சுற்று முடித்துத்தான் விடும், நடுவில் நிறுத்த வழியே கிடையாது. லைட் கர்ட்டன் கையைப் பார்த்துவிடும், நிறுத்து என்று சிக்னலும் கொடுத்துவிடும், ஆனால் ராம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சென்சர் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆபரேட்டர் கையை இன்னும் தாராளமாக விடுவார், அதுதான் எனக்குப் பயம்.

நடுவிலேயே நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச் (காற்றழுத்தத்தில் இயங்குவது), பிரேக் உள்ள பிரஸ் என்றால் லைட் கர்ட்டன் சரி. அப்போதும் எவ்வளவு தள்ளிப் பொருத்துவது என்பதற்குக் கணக்கு உண்டு. கை நொடிக்கு 2000 மில்லிமீட்டர் போகும் என்று எடுத்துக்கொள்கிறது ஐஎஸ்ஓ 13855 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம். பிரஸ் நிற்க 0.2 நொடி ஆகிறதென்றால், விரலைக் கண்டுபிடிக்கும் 14 மில்லிமீட்டர் வகைக் கர்ட்டன்கூட டையிலிருந்து 400 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேயத் தேய அந்த நேரம் கூடும், ஆகவே அவ்வப்போது அளந்து பாருங்கள்.

உங்கள் பிரஸ்ஸுக்கு நான் சொல்வது டையைச் சுற்றி மூடிய கார்டு, அதாவது கை நுழையாத தடுப்பு. ஷீட் போக மட்டும் 6 மில்லிமீட்டர் சந்து விடுங்கள், விரல் நுழையாது. ஒவ்வொரு பீஸாக வைக்கிற வேலை என்றால் சறுக்குத் தட்டு அமைத்து வெளியிலிருந்தே தள்ள வையுங்கள், இரும்புப் பீஸை எடுக்கக் காந்தக் கோல் கொடுங்கள். கை உள்ளே போக வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். டை மாற்றும்போது மெயினை அணைத்தாலும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்று, ராமுக்கு அடியில் முட்டு வைத்த பிறகே கை உள்ளே போகலாம்.

கேள்வி: டிரில்லிங் மெஷினில் கையுறை போடலாமா?

கூடாது. சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் கூடாது. கையுறையின் ஒரு நூலைச் சுருள் சில்லு பிடித்தால் போதும், கையையே இழுத்துவிடும். சில்லைத் தள்ள பிரஷ் வையுங்கள். மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு இரண்டையும் வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். ஷீட் தூக்கும்போது வெட்டு தாங்கும் கையுறை கட்டாயம் வேண்டும், அது வேறு வேலை.

கேள்வி: லேத்தில் கையுறை?

மேலே சொன்னதுதான்.

கேள்வி: விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போட்டு எடுத்துப் போகலாமா?

நேராக ஐஸில் போடாதீர்கள், திசு உறைந்து கெட்டுவிடும். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். காயத்தில் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள், காபித்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். டையில் மாட்டிய துண்டை எடுக்கப் போகிறவர் ஃப்ளைவீல் நின்றுவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும், அந்தப் பதற்றத்தில்தான் இரண்டாவது ஆளுக்கும் அடிபடும். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை. இப்போதே நம்பர் வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஈ.எஸ்.ஐ.யில் எவ்வளவு கிடைக்கும்?

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம். நிரந்தர இழப்பு என்றால், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று கணக்கிடச் சட்ட அட்டவணை இருக்கிறது: கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. உங்கள் தொகையைக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். விபத்து அறிக்கை போனதா என்பதை மட்டும் உடனே பாருங்கள்.

கேள்வி: நான் கோவையில் ஷாப் வைத்திருக்கிறேன். செல்போன் பார்த்துக்கொண்டே கையை விடுகிறார்கள். அஜாக்கிரதைக்கு ஓனர் என்ன செய்ய முடியும்?

நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பையன், வாஷர் அடிக்கும் பிரஸ். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு பீஸை எடுக்கக் கையை விட்டிருக்கிறான், ராம் இரண்டாவது தடவை இறங்கிவிட்டது. இரண்டு விரல். “பெடலை அழுத்தவே இல்லை அண்ணே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான், நான் உட்பட யாரும் நம்பவில்லை. மறுநாள் கிளட்சைத் திறந்தோம். ஸ்பிரிங் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது, உடைந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புது வெள்ளை. பல நாளாக விரிசல் விட்டிருக்கிறது, யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அவரே மறுபடி: அது ஒரு கேஸ். கார்டு போட்டால் புரொடக்‌ஷன் குறைகிறதே, அதைச் சொல்லுங்கள்.

சரி, முதல் வாரம் குறையும். சறுக்குத் தட்டு கைக்குப் பழகினால் ஓரளவு ஈடாகும். ஒரு விபத்து நடந்தால் அன்றைக்கு மொத்த ஷாப்பும் நிற்கும், அந்தக் கணக்கையும் போடுங்கள்.

இடையில் ஓசூரிலிருந்து ஓர் ஆபரேட்டர்: எங்கள் லைனில் இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரட்டை பட்டனில் ஒன்றைத் துணி வைத்து அடைத்துவிடுகிறோம். பீஸ் ரேட் ஐயா, வேறு வழியில்லை.

தம்பி உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஓனர் சார், இதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். பீஸுக்குக் காசு என்று வைத்துவிட்டு, அவசரப்படாதே என்று போர்டு மாட்டினால் அவர் எதைக் கேட்பார்? இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு அழுத்த வேண்டும், அப்படிக் கண்ட்ரோல் போட்டால் துணி அடைத்து ஏமாற்ற முடியாது. இதுவும் ஏர் கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் பொருத்தம். ஹெல்பர் நின்றால் அவருக்கும் தனியாக இரண்டு பட்டன் வேண்டும். தம்பி, நீங்கள் இன்றைக்கே துணியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கிரைண்டிங்கில் காட்டன் கையுறை?

சுற்றுகிறதா? சுற்றுகிறது. மூன்றாவது தடவை கேட்கிறீர்கள், தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: செலவில்லாமல் நாளைக்கே என்ன செய்யலாம்?

பெடலுக்கு மேல் மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மேலிருந்து ஒரு பீஸ் தவறி விழுந்தாலே ஸ்ட்ரோக் அடித்துவிடும். ஸ்கிராப் தகட்டை வளைத்து வெல்டிங் வைக்க அரை மணி நேரம் போதும். அப்புறம் மெயினை அணைத்து, ஃப்ளைவீல் நின்ற பிறகு, கிளட்ச் ஸ்பிரிங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.