வெள்ளிக்கிழமை கோலும் பத்துச் சொல்லும்

கேள்வி: என் மகள் தரம் 4இல் படிக்கிறாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. ஆங்கிலத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று ஆங்கிலம்–தமிழ்ச் சொற்புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்திலிருந்து தினமும் பத்துச் சொல்லைக் கருத்துடன் பாடமாக்க வைக்கிறேன். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை எழுதுவாள். இரவில் கேட்டால் சொல்வாள். ஒரு கிழமை போனால் பாதிக்கு மேல் மறந்துவிடும். கணவர் கட்டாரில் ஒரு கம்பனி ஸ்டோரில் வேலை செய்கிறார். போய் மூன்று வருடமாகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடியோ கோல் எடுப்பார். அந்தக் கிழமை படித்த சொற்களை அவரும் கேட்பார். இப்போதெல்லாம் கோல் வருகிற நேரம் பார்த்து மகள் கிணற்றடிக்குப் போய்விடுகிறாள். அதட்டித்தான் கூட்டிவர வேண்டியிருக்கிறது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஞாபகசக்திக்கு வல்லாரை கொடுக்கலாமா? கைத்தொலைபேசியில் நல்ல செயலி ஏதாவது இருக்கிறதா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊர் மாறும், பத்துச் சொல் இருபது சொல்லாகும், வல்லாரை வெண்டைக்காயாகும். மற்றபடி இதே கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. எல்லாரும் பிள்ளை சொல்லை மறப்பதைப் பற்றித்தான் எழுதுவார்கள். நீங்கள் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதிவிட்டீர்கள். கோல் வருகிற நேரம் பார்த்து மகள் கிணற்றடிக்குப் போகிறாள் என்கிறீர்கள். எழுதிய கையோடு ஞாபகசக்திக்கு மருந்து கேட்கிறீர்கள்.

கட்டாருக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். வெள்ளி அங்கே விடுமுறை. மனிதர் துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழும்பி எடுக்கிற கோல் இங்கே எப்போது வருமென்று ஒன்பது வயதுப் பிள்ளை கணக்கு வைத்திருக்கிறாள். ஒரு வெள்ளிகூடத் தவறாமல், அதற்குச் சற்று முன்பே எழுந்து போகிறாள். இந்தப் பிள்ளைக்கா ஞாபகசக்தி இல்லை? வல்லாரையைச் சம்பல் போட்டுச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். மருந்தென்று சொல்லி அவள் வாயில் திணிக்க வேண்டாம்.

நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக் காசு வாங்க மோட்டார் சைக்கிளில் வருகிற நேரத்தில் பின்வளவுக்குப் போய்விடுகிற பெண்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் மகளுக்குத் தகப்பன் அப்படி ஒருவராக ஆகிக்கொண்டிருக்கிறார். கிழமைக்கு ஒரு தடவை திரையில் வந்து, எழுபது சொல்லுக்குக் கணக்குக் கேட்டுவிட்டுப் போகிறவர்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. என்னென்ன சொல் என்று அவருக்கு யார் சொன்னது? கொப்பி இருப்பது உங்கள் கையில். எனக்கு ஆங்கிலம் தெரியாது, அப்பா கேட்டால் பயந்தாவது படிப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். மூன்று வருடமாகத் தொட்டுப் பார்க்க முடியாத தகப்பனைப் பிள்ளைக்குப் பிரம்பாகக் காட்டியிருக்கிறீர்கள். போதாததற்கு, அவரிடம் பேச வா என்று கூப்பிடுவதையும் அதட்டலாக்கிவிட்டீர்கள்.

நான் பழைய ஆள், வெளிப்படையாகவே சொல்கிறேன். உழைக்கக் கடல் கடந்து போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பட்ட கடனும் கட்டிய வீடும் எப்படியென்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாதம் பிறந்ததும் காசு அனுப்பினால் தகப்பன் கடமை முடிந்தது என்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் போனபோது பிள்ளைக்கு ஆறு வயது. பால் பல் விழுந்தது, முன்பல் முளைத்தது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியது, ஒன்றையும் அவர் கிட்டவிருந்து பார்க்கவில்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது வெள்ளிக்கிழமை அரைமணி நேரம். அந்த அரைமணியையும் பரீட்சை மண்டபமாக்கிவிட்டு, பிள்ளை ஓடுகிறாள் என்று எனக்கு எழுதுகிறீர்கள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவர் பெட்டியோடு வந்து இறங்குவார். அப்போது அவள் தாவணி கட்டுகிற பிள்ளை. அவருடன் என்ன பேசுவாள்?

இதை அவரிடம் எப்படிச் சொல்வது, மனம் நொந்துபோவாரே என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். சொல்லத்தான் வேண்டும். புருசனின் மனம் நோகாமல் பார்ப்பதற்காகப் பிள்ளையை அவரிடமிருந்து விலக விடுவது எந்த ஊர் மரியாதை?

இனி ஆங்கிலம். பிள்ளைக்கு அது வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு இருக்கிற ஆசை அது. ஆசை சரி, வழிதான் கோணல்.

உங்கள் கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரில் வேலை என்றால் நாள் முழுக்க அவர் காதில் விழுவது ஆங்கிலம். நேபாளத்துக்காரர் வந்து லேடர் கேட்பார், கேரளத்துக்காரர் க்ளவ்ஸ் கேட்பார், பிலிப்பைன்ஸ்காரர் டிரில் பிட் கேட்பார். இந்தச் சொற்களையெல்லாம் கொப்பியில் ஐந்து தடவை எழுதியா அவர் படித்தார்? பொருள் இறாக்கையில் இருந்தது. கேட்டவர் எதிரில் நின்றார். மாற்றி எடுத்துக் கொடுத்தால் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்படித்தான் சொல்லும் கருத்தும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. இவ்வளவு நல்ல ஆங்கில வாத்தியார் குடும்பத்திலேயே இருக்க, அவரைக் கொண்டு கொப்பி திருத்த வைத்திருக்கிறீர்கள்.

வருகிற வெள்ளி தொடங்கி ஒரு மாதத்துக்கு அவர் எந்தச் சொல்லையும் கேட்கக் கூடாது. தப்பித்தவறியும் கூடாது. அதற்குப் பதிலாக, கைக்கு எட்டிய ஒன்றைத் திரையில் காட்டட்டும். போட்டுக்கொண்டு போகிற தலைக்கவசம், அறைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தல், சோறு சமைக்கிற குக்கர், எதுவானாலும் சரி. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று சொல்லிவிட்டு, அதை மறந்துவிட்டுப் போன நாளில் என்ன வில்லங்கம் வந்தது என்று தமிழில் கதை சொல்லட்டும். பிறகு மகளின் முறை. குசினியிலிருந்து தேங்காய் திருவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவள் கேட்கட்டும். அவர் திருதிருவென்று விழிக்கட்டும். தகப்பன் விழிப்பதைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, விடையைத் தானே தேடிக் கண்டுபிடித்தால், அடுத்த வெள்ளி வரை அந்தச் சொல் எங்கும் போகாது. அவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். கட்டாரில் இருக்கிறவர் எல்லாம் தெரிந்தவர் என்று நடிக்கத் தேவையில்லை.

சொற்புத்தகத்தை அலுமாரியில் வையுங்கள். முதல் பக்கத்திலிருந்து என்றால் ஏ எழுத்திலிருந்துதானே? அபிலிட்டி, அபோலிஷ், அபவுண்ட், அப்ஸென்ட் என்று எல்லாம் ஒரே முகமாக வரிசையில் நிற்கும். உருவத்திலும் ஓசையிலும் ஒத்த சொற்களை ஒரே நாளில் கொடுத்தால் பெரியவர்களுக்கே ஒன்று மற்றதாகத் தெரியும். தவிரவும், அபோலிஷ் என்ற சொல்லை ஒன்பது வயதில் களுவாஞ்சிகுடியில் யாரிடம் சொல்லப்போகிறாள்? அகராதி தேடிப் பார்ப்பதற்கான சாமான். வங்காளத்தில் ஆங்கிலம் படிப்பித்த மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர், அடிக்கடி வருகிற சொல்லை முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, 1953இல் ஏறக்குறைய 2000 சொற்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலாகவே வெளியிட்டார். உங்களுக்கு அந்தப் பட்டியல்கூட வேண்டாம். 1980இலிருந்து அரசாங்கம் காசில்லாமல் கொடுக்கிற பாடநூல் புத்தகப்பையில் கிடக்கிறது. அதில் டீச்சர் இந்தக் கிழமை நடத்துகிற பாடத்திலிருந்து நாளுக்கு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு.

எதிர்ச்சொற்களைச் சோடியாகக் கொடுக்கிற பழக்கம் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறது. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். பொரோ, லென்ட் இரண்டையும் ஒரே நாளில் படித்த பிள்ளை, இரவல் வாங்குவது எது, கொடுப்பது எது என்று சாதாரண தரம் வரைக்கும் தடுமாறும். ஒன்று நன்றாகப் பழகிய பிறகு, இரண்டு கிழமை கழித்து மற்றதைச் சொல்லுங்கள்.

ஐந்து தடவை எழுதுகிறாளே, எப்படி எழுதுகிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலெழுத்தை மேலிருந்து கீழே ஐந்து தடவை போட்டுவிடுவார்கள். பிறகு இரண்டாம் எழுத்தை ஐந்து தடவை. பிறகு மூன்றாவது. கொப்பி நிரம்பும், அம்மாவுக்குத் திருப்தி. அந்தப் பிள்ளை சொல்லை ஒரு தடவைகூட முழுதாக எழுதவில்லை.

இரவில் சொல்கிறாள், ஒரு கிழமையில் மறக்கிறாள் என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்தார்: பாடமாக்கியது முதல் சில மணித்தியாலத்திலேயே வேகமாகக் கழன்றுபோகிறது, பிறகு கழல்வது மெதுவாகிறது. கழல்கிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்டால் நிற்கும். நீங்கள் செய்வது என்ன? இன்று பத்து, நாளை புதிதாகப் பத்து. நேற்றையதைத் தேடுவார் இல்லை, வெள்ளிக்கிழமை அப்பா தேடும் வரைக்கும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைச் சாட்டாக வைக்காதீர்கள். பழைய கலண்டர் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கத்தில் சொல்லையும் மறுபக்கத்தில் தமிழ்க் கருத்தையும் அவளையே எழுத விடுங்கள். படம் கீற முடிந்தால் இன்னும் நல்லது. தமிழில் கருத்து எழுதினால் ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தெரிந்த மொழியில்தான் பிள்ளைக்குக் கருத்துத் தெளியும். நீங்கள் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவள் சொல்லிவிட்டு மட்டையைத் திருப்பிச் சரிபார்ப்பாள். அன்றிரவு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த கிழமை ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தெரியாவிட்டால் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் முகத்தைத் தூக்கி வைக்காதீர்கள்.

பால்மா பைக்கற்றில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகும்போது வழியெல்லாம் அரசாங்க அலுவலகப் பெயர்ப்பலகைகள் மூன்று மொழியில் நிற்கின்றன. தமிழை வாசித்துவிட்டு அதற்கு நேரான ஆங்கிலச் சொல் எது என்று அவள் கண்டுபிடிக்கட்டும். சிங்களமும் இரண்டு சொல் சேர்ந்து வரும், அதுவும் தேவைதான்.

செயலி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த வீட்டில் திரையால் ஏற்கெனவே போதுமான கஷ்டம் நடந்துவிட்டது.

புலமைப்பரிசிலைப் பற்றியும் பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அந்தப் பரீட்சையில் அவள் வாசிக்கப்போவதும் எழுதப்போவதும் பெரும்பாலும் தமிழ். வினாவை ஒரே வாசிப்பில் விளங்கிக்கொள்ளாத பிள்ளைக்கு நீங்கள் எழுபது ஆங்கிலச் சொல் ஏற்றினாலும் புள்ளி ஏறாது. பிரதேச சபை நூலகத்தில் அவளை அங்கத்தவராக்கி, கிழமைக்கு ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் எடுத்துக் கொடுங்கள்.

கணவருக்கு இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வியாழக்கிழமைக்கு முதல் அனுப்ப வேண்டும். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் வைத்திருக்கிறேன்.