கர்ப்பகால பிரஷரும் வலிப்பும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 28 வாரம். போன வாரம் பிரஷர் 142/92 இருந்தது. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறேன். மறுபடி பார்க்கணுமா?

"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னவர்களை அன்றைக்கே அட்மிட் செய்ததுண்டு. இந்த நோய் சத்தம் போடாமல் வளரும். 20 வாரத்துக்குப் பிறகு, நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம். கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிபட்டாலோ பிரீஎக்லாம்ப்சியா. அது முற்றினால்தான் வலிப்பு வருகிறது. ஒரு வாரம் விட்டதே அதிகம், இன்றே போங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: கால் வீங்கினாலே பயப்பட வேண்டுமா?

கால் மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம், பிரஷரை மட்டும் பார்த்துவிடுங்கள். முகமும் கையும் திடீரென வீங்கி மோதிரம் கழலவில்லை, தலைவலி விடவில்லை, கண்ணில் பூச்சி பறக்கிறது, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றால் உடனே கிளம்புங்கள். அந்த விலா வலியை வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால்?

இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ துணியோ திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். வழக்கமான வலிப்பு மருந்துகளைவிட இதற்கு அதுதான் நன்றாகக் கேட்கிறது. 33 நாடுகளில் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வில், பிரீஎக்லாம்ப்சியா உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதிக்கு மேல் குறைத்தது. மருந்து ஏறும்போது நர்ஸ் அடிக்கடி முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளவில்லை என்றால் மருந்து அதிகமாகிவிட்டதன் முதல் அடையாளம். மூச்சு பாதிக்கப்படுவது அதற்கு அப்புறம்தான். அதனால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுகோனேட் பக்கத்திலேயே இருக்கும்.

கேள்வி: மனைவிக்குப் பிரசவமாகி ஐந்து நாள். தலை வெடிப்பதுபோல வலிக்கிறது என்கிறாள். தூக்கம் கெட்டதாலா?

இருக்கலாம். ஆனால் முதலில் பிரஷரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் உச்சத்துக்குப் போகும். ஆறு வாரம் வரைகூட வலிப்பு வரலாம். 160/110-ஐ எட்டியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பிரஷர் மாத்திரைகளான லேபெட்டலால், நிஃபெடிபின் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம்.

கேள்வி: அடுத்த குழந்தைக்கும் இதே கதையா?

வாய்ப்பு உண்டு, நிச்சயம் இல்லை. கர்ப்பம் உறுதியானதும் பழைய ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள். 12-வது வாரத்திலிருந்து, 16-க்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கச் சொல்வார். நீங்களாகத் தொடங்காதீர்கள்.