படுக்கும்போது முனகும் வயசான நாய்: உங்க கேள்விகளும் என் பதில்களும்

நாய்களின் மூட்டுவலி பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: "வயசான நாய் படுக்கும்போது முனகுது, என்ன காரணம்?" கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தைரியத்தில் பதில் சொல்றேன். நாயைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ற பதில் இது, அதை மட்டும் மறந்துடாதீங்க.

மதுரையிலிருந்து: எங்க லாப்ரடாருக்கு 10 வயசு. நல்லா சாப்பிடுறான், வாக்கிங் வர்றான். ஆனா படுக்கும்போதெல்லாம் "ம்ம்ம்..."னு இழுத்து முனகுறான். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுடலாமா சார்?

வயசு ஒரு நோய் இல்லை. வயசானா வர்ற நோய்கள் இருக்கு, அதில் பாதிக்கு மருந்தும் இருக்கு.

எல்லா முனகலும் வலி இல்லைங்கிறதையும் சொல்லணும். வயிறு நிறையச் சாப்பிட்டு, சொகுசான இடம் பார்த்துப் படுத்தபிறகு நீளமா ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அது நிம்மதி. உடம்பு மொத்தமா தளர்ந்து கண்ணு சொருகும். வலியில வர்ற முனகல் படுத்து முடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடும். அதனால சத்தத்தை விட்டுட்டு, அதுக்கு முந்தின நாலஞ்சு நொடியைக் கவனிங்க.

நல்லா இருக்கிற நாய் ஒரு சுத்து சுத்தி, முன்னங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, ஒரே ஓட்டமா படுத்துடும். இடுப்பு மூட்டு தேய்ஞ்ச நாய் மூணு நாலு தடவை சுத்தும், உட்காரப் போய் நிக்கும். முன்பக்கம் இறங்கிடும், பின்பக்கம் மட்டும் அந்தரத்தில நிக்கும். கடைசி நாலு விரக்கடை உயரத்திலிருந்து பொத்துனு விழும். அந்த விழுற நேரத்தில்தான் முனகல். முழங்கை வலின்னா தலைகீழா இருக்கும்: பின்பக்கம் முதல்ல உட்கார்ந்துடும், முன்னங்காலை நீட்டத் தயங்கித் தயங்கி, மார்பை மெதுவா இறக்கும்.

மூணு நாளைக்குப் பக்கவாட்டிலிருந்து மொபைல்ல வீடியோ எடுங்க. எழுந்திருக்கிறதையும் எடுங்க, முக்கியமா காலையில முதல் தடவை எழுந்திருக்கிறதை. ஆஸ்பத்திரி மேஜை மேல ஏத்தினா பயத்தில எந்த நாயும் வலியைக் காட்டாது. உங்க வீடியோ அங்கே பாதி வேலையை முடிச்சுடும்.

லாப்ரடார்னு சொன்னதால இன்னொண்ணு. எடை எவ்வளவு? விலாவில் கை வச்சுத் தடவினா எலும்பு தட்டுப்படணும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்தே ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணைவிட இன்னொண்ணுக்குக் கால்வாசி சாப்பாட்டைக் குறைச்சுப் போட்டு, வாழ்நாள் முழுக்கக் கவனிச்சாங்க. முடிவு 2002ல வந்தது. குறைச்சுச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா வாழ்ந்தது, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. காபி நேரத்து பிஸ்கட்டை நிறுத்துங்க. அது நாய்க்குப் பாசம் இல்லை, பாரம்.

ராஜபாளையத்திலிருந்து: நம்ம ஊர் நாய்தான், 9 வயசு ஆகுது. திண்ணையிலதான் படுப்பான். முழங்கையில தோல் காய்ச்சுப்போய், இப்ப ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு மெத்துனு வீங்கியிருக்கு. படுக்கும்போது முனகுறான்.

ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களுக்கு உடம்புல கொழுப்பே கிடையாது. எலும்புக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவுல தோல் மட்டும்தான். அந்த வீக்கம் அனேகமா நீர் கோத்தது. ஊசி வச்சு நீரை எடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வாங்க, கேட்காதீங்க. தரை மாறாத வரைக்கும் நீர் திரும்பவும் சேரும், ஊசி போன வழியில கிருமியும் போகும். மொத்தமான பழைய மெத்தையை மடிச்சுச் சாக்குப்பைக்குள்ள போட்டுத் தைச்சுக் கொடுங்க. முதல் ரெண்டு நாள் அதை மதிக்காது. நீங்க அதுமேல உட்கார்ந்து எழுந்திருங்க, உங்க வாசனை ஏறினதும் வந்து படுக்கும். வீக்கம் சூடா, சிவப்பா இருந்தாலோ சீழ் தெரிஞ்சாலோ மட்டும் காத்திருக்காதீங்க.

சென்னையிலிருந்து: ராத்திரி ரொம்ப முனகினதால வீட்டில இருந்த வலி மாத்திரையைப் பாதி கொடுத்தோம். நல்லா தூங்கினான். தினமும் கொடுக்கலாமா?

கூடாது. இனி ஒரு துண்டுகூடக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய் வயித்தில புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினா ஈரல் போகும். (வீட்டில பூனை இருந்தா இன்னும் ஜாக்கிரதை, பூனையைக் கொல்ல ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும்.) இந்தியாவில கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் போடக்கூடாதுன்னு 2006லேயே தடை வந்தது. அது, மருந்து போட்ட மாட்டோட பிணத்தைத் தின்னு செத்த பாறுக் கழுகுகளைக் காப்பாத்த வந்த தடை, ஆனா உங்க நாயும் அந்த மருந்தைத் தாங்காது.

கறுப்பா, தார் மாதிரி மலம் போறானா, வாந்தி எடுக்கிறானான்னு பாருங்க. இருந்தா இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. மாத்திரை கொடுத்ததை வெட்கப்பட்டு மறைக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். அது தெரியாம டாக்டர் அதுமேல இன்னொரு வலி மருந்தோ ஸ்டீராய்டோ போட்டா நிலைமை மோசமாகும். நாய்க்குன்னே மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் மாதிரி மருந்துகள் இருக்கு. ரத்தத்தில சிறுநீரகம், ஈரல் நிலையைப் பார்த்துட்டு, எடை போட்டு எழுதுவாங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட பொமரேனியனுக்கு 12 வயது. படுக்கேக்க அனுங்குது, உடனே எழும்பி இருக்குது. இரவில நெடுகலும் இருந்தபடிதான் நித்திரை. இடைக்கிடை இருமலும். இதுவும் மூட்டுவருத்தமோ டொக்டர்?

மூட்டுன்னு எனக்குத் தோணலை. படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்குற நாய்னா இதயத்தையும் நுரையீரலையும்தான் முதல்ல பார்க்கணும். சின்ன ஜாதி நாய்களுக்கு வயசான காலத்தில இதய வால்வு கசியும். அது முத்தினா நுரையீரல்ல நீர் சேரும், படுத்தா மூச்சு முட்டும். நல்லா தூங்கும்போது விலா ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. 30க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா நாளைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்க. நாக்கு நீலம் பாரிச்சா விடியிற வரைக்கும்கூட இருக்காதீங்க.

சேலத்திலிருந்து: கருத்தடை பண்ணாத பெண் நாய், 11 வயசு. ரெண்டு வாரமா தண்ணியா குடிக்குது, வயிறு லேசா உப்பியிருக்கு, படுத்தா முனகுது. போன மாசம்தான் ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சது.

இதைப் படிச்சதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கலாம். ஹீட் முடிஞ்சு சில வாரத்தில, இந்த வயசில, இப்படித்தான் வரும். வெளியே கசிவு தெரியாட்டி இல்லைன்னு நினைக்காதீங்க, கர்ப்பப்பை வாய் மூடியிருந்தா இன்னும் ஆபத்து. ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும்.

வயிறு சம்பந்தமா எல்லாருக்கும் ரெண்டு சொல்லிடறேன். பெரிய நாய் திடீர்னு வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயற்சி பண்ணியும் ஒண்ணும் வராம தவிச்சா இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். அதுக்கு மணிக்கணக்குதான் அவகாசம். ஈறு வெளுத்து, நாய் துவண்டு விழுந்தா உள்ளே ரத்தம் கசியலாம், வயசான நாய்க்கு மண்ணீரல் கட்டி உடைஞ்சும் அப்படி ஆகும்.

திருச்சியிலிருந்து: ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு. "ஒண்ணும் இல்லை"ங்கிறாங்க. ஆனா முனகல் நிக்கலை. எங்களுக்குத்தான் பிரமையா?

பிரமை இல்லை. எக்ஸ்ரேயில எலும்பு தெரியும், வலி தெரியாது. படத்தில முதுகெலும்பு முழுக்க முள்ளு முள்ளா வளர்ந்திருக்கும், நாய் துள்ளி ஓடும். படம் சுத்தமா இருக்கும், நாய் படியேறாது. டிஸ்க், தசை, நரம்பு எதுவும் சாதாரண எக்ஸ்ரேயில சரியா விழாது.

என் சொந்தக் கதையைச் சொல்றேன். எங்க வீட்டு மணிக்குப் 11 வயசு இருக்கும்போது முனக ஆரம்பிச்சான். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த நான், இடுப்பு தேய்மானம்னு முடிவு கட்டி ஒரு மாசம் மருந்து கொடுத்தேன். என் மனைவிதான், "இவன் வெளிக்குப் போறதுக்கு ரொம்ப நேரம் முக்குறான், அதுவும் நாடா மாதிரி சப்பையா வருது" என்றாள். புராஸ்டேட்ங்கிற ஆண் சுரப்பி வீங்கி மலக்குடலை அழுத்தியிருக்கு. விதைநீக்கம் பண்ணாத கிழட்டு ஆண் நாய்க்குச் சகஜமா வர்றது. விதைநீக்க ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசத்தில முனகல் போச்சு. பின்பக்கம் விரல் விட்டுப் பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

உங்க டாக்டரிடம் மூணு கேளுங்க. ஆண் நாயா இருந்தா புராஸ்டேட் பார்த்தாச்சா? உண்ணிக் காய்ச்சலுக்குச் சோதிச்சாச்சா? நம்ம பக்கம் உண்ணி கடிச்சு வர்ற எர்லிகியாங்கிற கிருமி மூட்டுகளையும் பிடிக்கும். இது ரெண்டும் இல்லைன்னா, ரெண்டு வாரம் வலி மருந்து கொடுத்துப் பார்க்கலாமா? மருந்து நாள்ல ஒரு வீடியோ, முந்தின வீடியோ, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. படுக்கிற விதம் மாறியிருந்தா அது வலிதான். அப்பவும் புரியலைன்னா சென்னை வேப்பேரி மாதிரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க, எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில இருக்கும்.

ஈரோட்டிலிருந்து: குளுக்கோசமின் கொடுக்கலாமுங்களா?

கொடுத்தா கெடுதல் இல்லைங்க, பெருசா எதிர்பார்க்காதீங்க. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா மீன் எண்ணெய் வாங்குங்க. அளவை டாக்டரிடம் கேளுங்க, கூடினா வயித்தால போகும்.

பெங்களூரிலிருந்து: தூக்கத்தில காலை உதறிக்கிட்டே முனகுறா. எழுப்பணுமா?

கனவு. எழுப்பாதீங்க. சந்தேகம்னா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தெளிவா எழுந்துட்டா கவலை இல்லை. உடம்பு விறைச்சு, படுத்த இடத்திலேயே சிறுநீர் போனா வலிப்பா இருக்கலாம், வீடியோ எடுத்துக் காட்டுங்க.

தஞ்சாவூரிலிருந்து: 14 வயசு. மருந்து நடக்குது. வீடு முழுக்க டைல்ஸ். படுக்கும்போது கால் நாலு பக்கமும் விரியுது, அப்ப கத்துறான். என்ன பண்றது?

அவன் கத்துறது பாதி வலி, பாதி பயம். படுக்கிற இடத்திலிருந்து தண்ணிக் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் தேங்காய்நார் மிதியடியோ ரப்பர் விரிப்போ பாதை மாதிரி போடுங்க. நகத்தை வெட்டுங்க. நடக்கும்போது டக் டக்னு சத்தம் கேட்டா நகம் நீளம்னு அர்த்தம். உள்ளங்கால் நடுவில வளர்ற முடியையும் கத்தரிங்க. கிண்ணத்தை ஒரு முக்காலி மேல வைங்க. மார்கழிப் பனியில அவனை வெறுந்தரையில படுக்க விடாதீங்க. படுக்கும்போது ஒரு துண்டை அடிவயித்துக்குக் குறுக்கே கொடுத்து, ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா இறக்கிவிடுங்க. ஒரு வாரத்தில அவனே துண்டைப் பார்த்ததும் வந்து நிப்பான்.