ஹிட்ஸ் 1,80,000, ஆர்டர் 18: வாசகர் கேள்வி-பதில்

சொந்தமாக வலைத்தளம் வைத்திருக்கும் வாசகர்கள் வருகைக் கணக்கு பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். முதலில் ஒரு விஷயம். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுளின் கருவியான கூகுள் அனலிடிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1-ல் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது ஜிஏ4. பல சொற்கள் பெயர் மாறாமல் கணக்கு மட்டும் மாறிவிட்டன. அதனால் யூடியூபில் விளக்கம் பார்ப்பவர்கள் வீடியோ எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பெட்ஷீட், துண்டு விற்கும் தளம் நடத்துகிறேன். ஹோஸ்டிங்கில் உள்ள ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருள் போன மாதம் 1,80,000 ஹிட்ஸ் என்கிறது. கூகுள் அனலிடிக்ஸ் 900 யூஸர்ஸ் என்கிறது. எது பொய்?
– வாசகர், ஈரோடு

இரண்டுமே உண்மைதான், எண்ணுகிற பொருள்தான் வேறு. பிரவுசர் உங்கள் சர்வரிடம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். ஒருவர் உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்தால் பக்கம் ஒன்று, துணி வகைகளின் படங்கள் நாற்பது, டிசைன் கோப்புகள், ஸ்கிரிப்ட்கள், எழுத்துருக்கள் என்று எல்லாம் இறங்கும். அத்தனையும் தனித்தனி ஹிட்.

நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'நெட்வொர்க்' என்ற தாவலுக்குப் போய், 'டிஸேபிள் கேஷ்' பெட்டியை டிக் செய்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கீழ் ஓரத்தில் மொத்த ரிக்வெஸ்ட் எத்தனை என்று வரும். அது 60 என்று வைத்துக்கொள்வோம். 1,80,000-ஐ 60-ஆல் வகுத்தால் சுமார் 3,000 பக்கப் பார்வைகள். 900 பேர் ஆளுக்கு மூன்று பக்கம் பார்த்திருந்தால் கணக்கு ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். இது தோராயம்தான். கூகுள் எழுத்துரு போல வேறு சர்வரிலிருந்து வருபவை உங்கள் ஹிட் கணக்கில் சேராது. ஏற்கனவே வந்து போனவரின் பிரவுசர் பல படங்களைச் சேமித்து வைத்திருக்கும், மறுபடி கேட்காது.

மீதி வித்தியாசம் பாட்களால், அதாவது தானாகவே தளங்களைத் திறந்து படிக்கும் மென்பொருட்களால் வருவது. ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனக்குத் தெரிந்த பாட்களைத் தனி வரியில் ஒதுக்கிவிடும். சாதாரண பிரவுசர் வேடத்தில் வருபவை மனிதக் கணக்கிலேயே ஏறும். அனலிடிக்ஸ், பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடினால்தான் எண்ணும். அதனால் பெரும்பாலான பாட்கள் அதில் படுவதில்லை. விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கும் நிஜ மனிதர்களும் படுவதில்லை என்பது அதன் குறை. போதாக்குறைக்கு, ஒரே ஆள் இடைவெளி விட்டு வந்தால் அதைப் புதிய வருகையாக எண்ண ஏடபிள்யூஸ்டாட்ஸ் 60 நிமிடம் காத்திருக்கும், ஜிஏ4 30 நிமிடம்தான்.

ஹிட்ஸ் எண்ணிக்கையைக் காட்டி யாராவது உங்களிடம் விளம்பர இடம் விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் பத்துப் படம் கூடுதலாகப் போட்டாலே ஏறிவிடுகிற எண் அது.

தினசரி யூஸர்ஸைக் கூட்டினால் மாதத்துக்கு 1,100 வருகிறது. மாத அறிக்கையில் 900 தான் இருக்கிறது. 200 பேர் எங்கே போனார்கள்?
– அதே வாசகர்

திங்கள் வந்த ஒருவர் வியாழனும் வந்தால் தினக்கணக்கில் இரண்டு, மாதக்கணக்கில் ஒன்று. யூஸர்ஸை எப்போதும் கூட்டக் கூடாது. செஷன்ஸையும் (வருகைகளையும்) பக்கப் பார்வைகளையும் கூட்டலாம், பெரிய பிழை வராது.

அந்த 900-ம் தலைக்கணக்கு என்று எண்ண வேண்டாம். அனலிடிக்ஸ் ஆளை அடையாளம் காண்பது பிரவுசரில் வைக்கும் குக்கி என்ற சின்ன அடையாளக் குறிப்பால். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போனில் பார்த்து, இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் மூன்றாம் முறை பார்த்தவர், லாகின் வசதி இல்லாத தளத்தில் மூன்று யூஸர். ஐபோன்காரர்களின் சஃபாரி இப்படிப்பட்ட குக்கிகளை 7 நாளில் அழித்துவிடுகிறது. பத்து நாள் கழித்து வரும் பழைய வாடிக்கையாளர் அங்கே புதியவராகத்தான் பதிவாவார். மறுபக்கம், வீட்டில் நாலு பேர் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு டேப்லெட் ஒரே யூஸர். ஆகவே எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாருங்கள்.

2023-ல் எடுத்து வைத்த அறிக்கையில் எங்கள் சமையல் தளத்தின் பவுன்ஸ் ரேட் 78%. இப்போது 41%. தளத்தில் எதுவும் மாற்றவில்லை. நாங்கள் முன்னேறிவிட்டோமா?
– வாசகி, மதுரை

அளவுகோல் மாறிவிட்டது, அவ்வளவுதான். பழைய கணக்கில் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் எல்லாரும் பவுன்ஸ். வத்தக்குழம்பு செய்முறையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு 20 நிமிடம் சமைத்து முடித்தவரும், தவறி வந்து இரண்டு நொடியில் ஓடியவரும் ஒன்று. சமையல், மருத்துவக் குறிப்பு, பஞ்சாங்கம் மாதிரித் தளங்களுக்கு அந்த எண் பெரிய அநியாயம்.

ஜிஏ4-ல் வருகை 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல் ஒன்று நடந்தாலோ அது 'என்கேஜ்டு செஷன்'. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாததுதான் பவுன்ஸ். என்கேஜ்மென்ட் ரேட் 59% என்றால் பவுன்ஸ் ரேட் 41%. இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை, ஒன்று போதும். 10 நொடி உங்கள் தளத்துக்குக் குறைவு என்று தோன்றினால் 60 நொடி வரை உயர்த்தும் வசதி அட்மின் பகுதியில் இருக்கிறது. உயர்த்தினால் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் பவுன்ஸ் ஏறியிருப்பதைப் பார்த்து நீங்களே பதறக் கூடாதே!

41% நம்பும்படி இருக்கிறது. திடீரென்று 3% அல்லது 4% என்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் அனலிடிக்ஸ் ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஏறியிருக்கும், தீமில் (தளத்தின் வடிவமைப்பில்) ஒன்று, பிளகினில் (கூடுதல் வசதிக்குச் சேர்த்த மென்பொருளில்) ஒன்று. ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பார்வை பதிவாகி, வருகிறவர் எல்லாம் 'என்கேஜ்டு' ஆகிவிடுவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ரியல் டைம் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் ஒரு பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். பக்கப் பார்வை இரண்டு ஏறினால் பிளகினில் உள்ளதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் வருகையில் பாதிக்கு மேல் 'டைரக்ட்' என்று வருகிறது. அத்தனை பேரும் முகவரியை டைப் செய்தா வருகிறார்கள்?
– புத்தகக் கடைக்காரர், திருச்சி

இல்லை. எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாரையும் அனலிடிக்ஸ் போட்டு வைக்கும் மூட்டைதான் டைரக்ட். நம் ஊரில் அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப். எஸ்எம்எஸ், பிடிஎஃப் பட்டியலில் உள்ள லிங்க், பில்லில் அச்சிட்ட கியூஆர் கோடு எல்லாமும் அங்கேதான் விழும்.

மூட்டையைப் பிரிக்க, நீங்கள் அனுப்பும் லிங்குகளின் முடிவில், எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் யுடிஎம் குறிச்சொற்களைச் சேர்க்க வேண்டும். கூகுள் 2005-ல் வாங்கிய அர்ச்சின் என்ற மென்பொருளின் மிச்சம் இந்தப் பெயர். சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் என்ற மூன்று போதும். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் லிங்கில் சோர்ஸ் 'வாட்ஸ்அப்', மீடியம் 'சோஷியல்', கேம்பெய்ன் 'புத்தகக் கண்காட்சி' என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். கூகுளின் கேம்பெய்ன் யுஆர்எல் பில்டர் பக்கத்தில் கட்டங்களை நிரப்பினால் முழு லிங்க் தயாராக வந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் எழுத்தில். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகப் பதிவாகும். கடைப் பையன் ஒரு மாதிரியும் நீங்கள் ஒரு மாதிரியும் எழுதினால் ஒரே வாட்ஸ்அப் இரண்டு வரியாகப் பிரியும். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது என்று ஒரு விதி வைத்து, பயன்படுத்திய சொற்களை ஒரு ஷீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். மீடியத்துக்கு மனம்போல் பெயர் வைத்தால் வருகை 'அன்அசைன்டு' என்ற இன்னொரு மூட்டைக்குப் போகும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கில் மட்டும் யுடிஎம் போடாதீர்கள். வாட்ஸ்அப் கொண்டுவந்த விற்பனைக்கான பெயரை உங்கள் முகப்பு பேனர் தட்டிக்கொண்டு போய்விடும்.

கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் சராசரி இடம் 3-லிருந்து 31-க்குப் போய்விட்டது, சிடிஆர் (காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் க்ளிக் ஆனது என்ற கணக்கு) 10%-லிருந்து 4% ஆகிவிட்டது. கூகுள் எங்களைத் தண்டித்துவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

க்ளிக் எண்ணிக்கையை நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம்: போன மாதம் ஒரே தேடல் சொல்லுக்கு மூன்றாம் இடம், 100 முறை கண்ணில் பட்டது, 10 க்ளிக். சிடிஆர் 10%. இந்த மாதம் அது அப்படியே இருக்க, புதிதாக இன்னொரு சொல்லுக்கு 45-ம் இடத்தில் 200 முறை காட்டப்பட்டு 2 க்ளிக் வந்தது. இப்போது மொத்தம் 300 இம்ப்ரெஷன் (காட்டப்பட்ட முறை), 12 க்ளிக். சிடிஆர் 4%, சராசரி இடம் 31. க்ளிக் கூடியிருக்கிறது, பழைய இடமும் பறிபோகவில்லை, சராசரிகள் மட்டும் சரிந்துவிட்டன.

எனவே மொத்தச் சராசரியை விட்டுவிட்டு 'குவெரீஸ்' பட்டியலில் உங்களுக்கு முக்கியமான சொற்களை ஒவ்வொன்றாக, போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் இடம் விழுந்து க்ளிக்கும் குறைந்திருந்தால்தான் கவலை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும் என்பதால், பண்டிகை வியாபாரம் செய்கிறவர்கள் போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

900 யூஸர்ஸில் 18 ஆர்டர். தளம் செய்து கொடுத்தவர் 2% என்கிறார், விளம்பரம் பார்ப்பவர் 1.5% என்கிறார். யார் சரி?
– மறுபடியும் ஈரோடு வாசகர்

ஒருவர் 18-ஐ 900 ஆட்களால் வகுத்திருப்பார், மற்றவர் 1,200 செஷன்ஸால் வகுத்திருப்பார். இரண்டும் சரி. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா மாதமும் அதையே பாருங்கள். ஜிஏ4-ல் 2024-லிருந்து 'கன்வெர்ஷன்' (ஆர்டர் போல நீங்கள் எதிர்பார்க்கும் செயல் நடப்பது) என்ற சொல்லுக்குப் பதில் 'கீ ஈவென்ட்' என்று இருக்கும், தேடித் திண்டாட வேண்டாம். போனில் ஆர்டர் வருகிற கடை என்றால், போன் எண் மேல் தட்டுவது தானாகப் பதிவாகாது. கூகுளின் டேக் மேனேஜர் கருவியில் தனியாக அமைத்துக் கீ ஈவென்ட் ஆக்க வேண்டும்.

நானே தினமும் என் தளத்தை இருபது முறை திறக்கிறேன். அதுவும் கணக்கில் சேருமா?
– வாசகி, நாகர்கோவில்

சேரும். அட்மினில் டேட்டா ஸ்ட்ரீம்ஸ் போய், டேக் அமைப்புகளில் 'டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்' என்ற இடத்தில் உங்கள் ஐபி முகவரியை (உங்கள் இன்டர்நெட் இணைப்பின் அடையாள எண்ணை) கொடுங்கள். பிறகு 'டேட்டா ஃபில்டர்ஸ்' பகுதியில் அதை முதலில் டெஸ்டிங் நிலையில் விட்டு, சில நாள் பார்த்துவிட்டு ஆக்டிவ் செய்யுங்கள். ஆக்டிவ் ஆன பிறகு வடிகட்டிய வருகை திரும்பக் கிடைக்காது. மொபைல் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், வீட்டு பிராட்பேண்டிலும் நிலையான ஐபி கேட்டு வாங்காவிட்டால் மாறலாம். அப்படியென்றால் ஃபில்டரோடு மல்லுக்கட்டாமல், விளம்பரத் தடுப்பான் போட்ட ஒரு தனி பிரவுசரை உங்கள் தளத்தைப் பார்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்மினில் இருக்கும்போதே 'டேட்டா ரிடென்ஷன்' என்பதையும் திறந்து, 2 மாதம் என்று இருப்பதை 14 மாதம் ஆக்கிவிடுங்கள். மாற்றுவதற்கு முன்பே அழிந்தது அழிந்ததுதான்.