பக்கும் கமிட்டும்: வாசகர் கேள்விகள்

கே: நாங்கள் இரண்டே பேர். தனி பக் டிராக்கர் எதற்கு என்று கிட் ரெப்போவுக்குள்ளேயே (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பக் லிஸ்ட் வைத்திருக்கிறோம். இருவர் மாற்றங்களையும் மெர்ஜ் பண்ணும்போதெல்லாம் கான்ஃப்ளிக்ட்.

ப: இரண்டு பேரும் கடைசி வரியிலேயே எழுதினால் வராமல் என்ன செய்யும்? ஒரு பக்குக்கு ஒரு ஃபைல் வையுங்கள். பெயரில் வரிசை எண் வேண்டாம். ஆளுக்கொரு பிராஞ்சில் (கோடின் தனிக் கிளை) இருந்துகொண்டு இருவருமே 57 என்று திறப்பீர்கள். பிறகு, ஃபிக்ஸ் பிராஞ்சில் மூடிய பக், மெர்ஜ் ஆகும்வரை மெயின் பிராஞ்சில் திறந்தே கிடக்கும். அது தப்பும் இல்லை, மெயினில் பக் இருக்கத்தானே செய்கிறது! ஆனால் 'மொத்தம் எத்தனை பாக்கி?' என்று மேனேஜர் கேட்டால் எந்த பிராஞ்சைக் காட்டுவீர்கள்? இது ஒத்துவராவிட்டால் கிட்-பக் என்ற டூலைப் பாருங்கள். பக்குகளை ஃபைலாக இல்லாமல் கிட்டின் உள் டேட்டாவான ஆப்ஜெக்டாக, பிராஞ்சுகளுக்கு வெளியே தனி ரெஃபில் (கிட்டின் பெயர்ச்சுட்டி) வைக்கும். பிராஞ்ச் மாறினாலும் லிஸ்ட் மாறாது.

கே: கிட்-பக்கில் பத்து பக் போட்டு, கிட் புஷ் கொடுத்தேன். நண்பருக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

ப: போகாது. நீங்கள் 'கிட் பக் புஷ்', அவர் 'கிட் பக் புல்'. கமிட்டில் குறிப்பு ஒட்டும் கிட் நோட்ஸுக்கும் இதே கதைதான். எத்தனை தடவை எழுதுவது?

கே: கமிட் மெசேஜில் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) பக் நம்பர் மட்டும் போட்டால் போதாதா? டீம் லீட் விளக்கமும் எழுதச் சொல்லிப் படுத்துகிறார்.

ப: உங்கள் டீம் லீட் நன்றாக இருக்கட்டும். 'ஃபிக்ஸ்டு 812' என்றால் யாருக்கு என்ன புரியும்? டிராக்கரை மாற்றுவார்கள், மாற்றும்போது நம்பரும் மாறும், 812 எதுவென்று தெரிந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். கோடும் பக் லிஸ்டும் வைத்திருந்த கூகுள் கோட் தளத்தையே 2016-ல் மூடிவிட்டார்கள்; உங்கள் டிராக்கர் மட்டும் சாசுவதமா?

லினக்ஸ் கெர்னல் கமிட் மெசேஜில் 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி எழுதுவார்கள். அதில் வருவது பக்கை உள்ளே கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் (அதன் அடையாளக் குறியீடு) முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும். பழைய ரிலீஸ்களைப் பராமரிப்பவர்களுக்குத் திருத்தம் எதுவரை போகவேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வெளித்தளம் எதையும் நம்பவேண்டியதில்லை.

நம்பரை எடுக்கச் சொல்லவில்லை. 'கூப்பனை நீக்கிய பிறகும் பில் தொகை குறைந்தபடியே நின்றது. கேஷ் அழியாததே காரணம். பக் 812.' இதை அடிக்க அரை நிமிடம். 'மைனர் சேஞ்சஸ்' என்று மட்டும் எழுதுபவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த வாரம் முழுக்க அதுவே ஓடிவிடும்.

கே: ஆப் வேலை செய்யவில்லை. என்ன பக்?

ப: எந்த ஆப்? எந்த வெர்ஷன்? எர்ரர் என்ன சொன்னது? மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பாதி ஃப்ளாஷ் வெளிச்சம்.

கே: டிக்கெட், கோட் எல்லாம் ஒரே குளோனில் (ரெப்போவின் முழு நகல்) வர வழியுண்டா?

ப: ஃபாசில். கிட் மாதிரி இன்னொரு வெர்ஷன் கண்ட்ரோல். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் கைவண்ணம். டிக்கெட், விக்கி, கோட் எல்லாமே ஒரே எஸ்கியூலைட் ஃபைலில். கிட் பழகிய டீமை அதற்கு இழுப்பதுதான் பாடு.

கே: பக் ஃபைலில் ஏபிஐ கீயை (ஒரு சர்வீஸைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) ஒட்டிவிட்டேன். அடுத்த கமிட்டில் அழித்துவிட்டேன். போதும்தானே?

ப: போதாது. ஹிஸ்டரியில் அப்படியே இருக்கிறது, குளோன் எடுத்த எல்லோரிடமும் இருக்கிறது. முதலில் கீயை ரத்து செய்யுங்கள், இப்போதே. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்ய கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற டூல் இருக்கிறது, அது அப்புறம்.