ஆறாவது கண்ட்ரோல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 64. போன கோடையில் ஸ்வீடனில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்துக் காட்டில் நடந்த ஓரியண்டீரிங் போட்டியில் கலந்துகொண்டேன். வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு அது. நீங்களும் அதில் ஈடுபட்டவர் என்று படித்ததால் எழுதுகிறேன். 3 கிலோமீட்டர், 10 கண்ட்ரோல் (கொடி தொங்கும் இலக்குகள்). எனக்கு 1 மணி 42 நிமிடம் ஆனது. என் வயதுப் பிரிவில் கடைசி. முதலில் வந்த அம்மையாருக்கு 36 நிமிடம். எனக்கு ஆறாவது கண்ட்ரோலுக்கே 38 நிமிடம் போய்விட்டது. இந்த வருடமும் போக ஆசை. "இந்த வயசுல காட்டுல தனியா எதுக்கும்மா?" என்கிறாள் மகள். போகலாமா? அதுவரை கடலூரிலேயே பழக வழி உண்டா?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போங்கள்.

உங்கள் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஆறாவதைக் கழித்தால் மீதி ஒன்பதுக்கும் 64 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஏழு நிமிடம். பாதையில்லாத காட்டில், 64 வயதில், அது நல்ல நடை. அந்த 3 கிலோமீட்டரும் நேர்கோட்டில் அளந்த தூரம்தான். நீங்கள் நடந்தது அதைவிடக் கூடுதல். ஆறாவதையும் ஏழு நிமிடத்தில் பிடித்திருந்தால் 31 நிமிடம் மிச்சம். முதலில் வந்தவரின் கால்வேகம் நமக்கு இனி வராது. ஆனால் அந்த 31 நிமிடம் வரைபடத்தில் தொலைந்த நேரம். அதை 64-லும் மீட்கலாம், 74-லும் மீட்கலாம். எனக்கு இப்போது 71. பன்னிரண்டு வருடங்களாக, மகனைப் பார்க்கப் போகும் கோடைகளில் எல்லாம், நான் துரத்துவது இந்த நேரத்தைத்தான்.

என்னுடைய ஆறாவது கண்ட்ரோல் ஒரு நான்காவது கண்ட்ரோல். சம உயரக் கோடுகள் வளைந்திருந்த இடத்தைப் பள்ளம் என்று படித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அது மேட்டின் மூக்கு. எந்தப் பக்கம் உயரம் என்று பார்க்காவிட்டால் இரண்டும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இதை நீங்கள் திருத்தியிருப்பீர்கள்! கால்மணி நேரம் சுற்றிவிட்டு, கடைசியாக எந்த இடத்தில் சந்தேகமில்லாமல் இருந்தேனோ அங்கேயே திரும்பிப் போனேன். ஒரு பழைய கல்சுவர் முடிகிற இடம். காம்பஸை வைத்து, படத்தைத் திருப்பி, அறுபது தப்படி எண்ணி நடந்தேன். முழங்கால் உயரப் புளூபெர்ரிச் செடிகள், பாசி பிடித்த ஒரு பெரிய பாறை, வேறொன்றும் இல்லை. பாறையைச் சுற்றி வந்தேன். ஆரஞ்சும் வெள்ளையுமாக அந்த ஒரு அடி அகலக் கொடி காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய விரலில் மாட்டிய மின்னணுக் குச்சியை அதன் பெட்டியில் செருகியதும் 'பீப்' என்றது. அந்தச் சத்தத்துக்காக நான் ஏழு கடல் தாண்டிப் போவேன்.

இந்த விளையாட்டு ஸ்வீடனில் ராணுவப் பயிற்சியாகத் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வயதானவர்களை ஓரமாக உட்கார வைக்காமல் வளர்ந்தது, அதுதான் எனக்குப் பிடித்தது. உலக மூத்தோர் போட்டியே 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகத் தொண்ணூறையும் தொடுகிறது. காட்டுப் படத்தின் அடிப்படை அளவு 1:15,000. மூத்தோருக்கு அதையே 1:10,000, 1:7,500 என்று பெரிதாக்கித் தருகிறார்கள், கண் பார்வைக்காக. அப்படியும் சிரமமாக இருந்தால் பூதக்கண்ணாடி பொருத்திய காம்பஸ் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்குங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் முடிவிடத்துக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. குறித்த நேரம் கடந்தும் ஒருவர் வரவில்லை என்றால் தேடிப் போவார்கள். கூடவே ஒரு விசில் எடுத்துப் போங்கள்; நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம்.

அப்புறம், ஊரிலேயே பழகுவது. முந்திரிக்காட்டுக்குள் போக வேண்டாம்; பாம்பும் உண்டு, தோட்டக்காரர் சம்மதமும் வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தொடங்கலாம். ஒரு குறிப்பிட்ட படகைத் தேடிச் சவுக்குத் தோப்பிலிருந்து வருகிறீர்கள் என்று வையுங்கள். படகை நோக்கியே நடந்தால், கரைக்கு வந்ததும் அது வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று திகைப்பீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் வடக்கே குறிவைத்து வாருங்கள். கரை வந்ததும் யோசிக்காமல் தெற்கே திரும்பலாம். ஆறாவது கண்ட்ரோலில் உங்களுக்கு இது கைகொடுத்திருக்கும்.

புதுச்சேரியில் நானும் ஒரு நண்பரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு மாதிரி செய்கிறோம். ஒயிட் டவுன் படத்தை 1:5,000 அளவில் அச்செடுத்து, ஒருவருக்கொருவர் பத்து இடங்களை வட்டமிட்டுக் கொடுப்போம். கொடிக்குப் பதில் கேள்வி: இந்த வாசலில் எத்தனை படி, அந்தக் கல்வெட்டில் என்ன ஆண்டு. கிழக்கே கடல், மேற்கே பெரிய வாய்க்கால். வாய்க்கால் வந்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். இலக்கைத் தாண்டினால் தடுக்கும் இப்படி ஒரு வேலியைப் படத்தில் முதலில் பார்த்து வைத்துக்கொள்வது பெரிய பழக்கம். கட்டம் கட்டமான தெருக்கள் என்பதால் எளிது என்று நினைக்காதீர்கள். எல்லா மூலையும் ஒன்றுபோல இருக்கும். எத்தனையாவது மூலை என்று எண்ண மறந்தால் போச்சு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். மேடு பள்ளம் பழக இங்கே இடமில்லை. அதற்குக் கடலூரில் உங்கள் கேப்பர் மலை இருக்கிறது.

இந்த ஞாயிறு வர முடியுமா? காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையடியில் நிற்போம். ஏழரை வரை அங்கே வண்டிகள் வராது. உங்களுக்கும் ஒரு படம் அச்செடுத்து வைக்கிறேன். காம்பஸ் மட்டும் கொண்டு வாருங்கள். முடிந்தால் ஸ்வீடன் படத்தையும். ஆறாவது கண்ட்ரோலைச் சுற்றிக் கோடுகள் எப்படிப் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.