வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: போரில் மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களுக்காக அமெரிக்காவில் அரசு மருத்துவமனைகளும் தன்னார்வ அமைப்புகளும் கைகோப்பதைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நமக்கு ஓய்வூதியத்தையும், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டத்தின் வழியே மருத்துவத்தையும் அரசே தருகிறது. பிறகு வெளியாரை அழைத்து வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவானேன்?
(ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்)

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் முன்னாள் படைவீரரும் அவரைச் சார்ந்த மனைவி, மக்கள், பெற்றோரும் சிகிச்சை பெறலாம். மனநல மருத்துவரைப் பார்க்கவும் அதில் வழி உண்டு. நான் எழுதியதோ, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றி. நடு இரவில் அலறி எழுகிறவரைத் தொட்டு எழுப்பலாமா, எட்ட நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டுமா, இனி மாத்திரையே வேண்டாம் என்று அவர் சொல்லும் நாளில் வாதாடுவதா, பேசாமல் இருப்பதா என்பதையெல்லாம் அவருடைய மனைவிக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பாலிகிளினிக்கில் கூட்டம் நிற்கும்போது இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க மருத்துவருக்கு நேரம் ஏது?

வெளியார் என்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் உங்களோடு முரண்படுகிறேன். நான் குறிப்பிட்ட ஏற்பாட்டில் ஒரு பக்கம் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகள். மறுபக்கம், மனநோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி 1979-இல் தொடங்கிய நாமி என்ற அமைப்பு. குடும்பத்தாருக்கென 1991-இல் உருவான அதன் இலவச வகுப்பில் பாடம் எடுப்பவர் மருத்துவர் அல்லர். அதே துன்பத்தைத் தம் வீட்டில் கண்டு, பிறகு பயிற்சி பெற்று வந்த இன்னொரு தாய், இன்னொரு மனைவி, இன்னொரு அண்ணன். இந்த வகுப்பைத் தன் மருத்துவமனைகளில் நடத்த 2008-இல் நலத்துறை நாமியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் படைக் குடும்பங்களுக்கென்றே ஹோம்ஃபிரண்ட் என்ற ஆறு அமர்வுப் பயிற்சியும் வந்தது. நாமியின் பொது வகுப்பில் சேர்ந்தவர்களையும் சேரக் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு மேரிலாந்தில் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியானது. வகுப்புக்குப் போனவர்களுக்குச் சமாளிக்கும் திறன் கூடி, மன உளைச்சல் குறைந்திருந்தது. அதனால் நோய் குணமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

அமெரிக்கா எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்றும் நான் எழுதவில்லை. வீட்டிலிருந்து பராமரிப்பவருக்கு மாத உதவித்தொகை தர 2010-இல் அங்கே வந்த சட்டம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய வீரர்களோடு நின்றுவிட்டது. வியட்நாம் போருக்குப் போனவர்களின் மனைவிமார், முதுமை எய்திய பின்னும், 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மனநோய் உள்ளவரின் குடும்பத்துக்கு ஆதரவான சேவைகளைத் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவே சொல்கிறது. அனுபவத்துக்கும் பஞ்சமில்லை, மனநோயாளிகளின் குடும்பத்தினர் தாங்களே 1989-இல் தொடங்கிய ஆஷா அமைப்பு சென்னையில்தான் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அதனிடம் குடும்பங்களின் பதிவேடும் இருக்கிறது. அந்த அலுவலகம் மாதம் ஒரு சனிக்கிழமை ஓர் அறையைத் திறந்துவிட்டு, இத்தகைய குடும்ப அமைப்பிலிருந்து இருவரை வரவழைத்து, கடிதம் போட்டுத் தகவல் சொன்னால், நீங்கள் அஞ்சுகிற தெரு அதில் எங்கே வருகிறது? கதவைச் சாத்திய அறையில், ஒரே கவலையோடு பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். தெருவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, ஐயா. பக்கத்து வீட்டுக்கும் அந்த அலறல் கேட்கத்தானே செய்கிறது?

உடனடி உதவி வேண்டுவோர் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்று அதன் தனிப்பிரிவொன்று 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கப்பட்டது. ஆனால் தொலைபேசியில் கேட்கும் குரல் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்காது. உங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் அழையுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆண்கள் யாரும் பேச வேண்டாம்.